லாரி பேட்டரியின் ஆயுள் யார் கையில்?

நாமக்கல், சங்ககிரி, கரூர் வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களிடம் டயர் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை தடவை ரீட்ரெடிங் ஆனது என்று நுனிநாக்கில் வைத்திருப்பார்கள். டீசல் கணக்கும் அப்படித்தான். பேட்டரியைக் கேட்டால் மட்டும் பேச்சு சுருங்கிவிடும். "ரெண்டு வருசம் வந்துச்சு, செத்துப்போச்சு, மாத்திட்டோம்." ஏன் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனி சரியில்லை என்று அடுத்த முறை வேறு கம்பெனி வாங்குவார்கள். அதுவும் அதே இரண்டு வருடத்தில் படுத்துவிடும்.

கம்பெனியைக் குறை சொல்வது எளிது. ஆனால் நம் லாரிகளில் ஏறும் ஆல்டர்னேட்டரும் செல்ப் மோட்டாரும் பெரும்பாலும் சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற பழம்பெரும் ஆலைகளின் சரக்கு. பேட்டரி ஓசூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ வருகிறது. ஒரே மாடல் பேட்டரி ஒரு வண்டியில் நான்கைந்து வருடம் உழைப்பதையும், பக்கத்து வண்டியில் இரண்டைத் தாண்டாததையும் ஷெட்டில் இருக்கிற எல்லோரும் பார்க்கிறார்கள். அப்படியானால் காரணம் பேட்டரிப் பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அனுபவத்தில் சொல்வதும், மின்வேதியியல் சொல்வதும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

கனரக லாரியின் மின்சாரம் 24 வோல்ட். காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்துகிற பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்றிவிட வேண்டும். அதே சக்தியை 12 வோல்ட்டில் கொடுத்தால் ஆம்பியர் இரட்டிப்பாகும், கேபிளும் அதற்கேற்பப் பருத்துவிடும். அமெரிக்க லாரிகள் 12 வோல்ட்டிலேயே நின்றுகொண்டு மூன்று நான்கு பேட்டரிகளை இணையாகச் சேர்த்துச் சமாளிக்கின்றன. ஐரோப்பாவைப் போல இந்தியாவும் 24-க்கு வந்தது. நம் வண்டியில் அந்த 24, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகப் பூட்டுவதால் கிடைக்கிறது. ஒன்றின் பிளஸ்ஸிலிருந்து மற்றதன் மைனஸுக்கு ஒரு குட்டை கேபிள் போகும். லாரி பேட்டரியின் பாதித் தொல்லை அந்தக் குட்டை கேபிளில்தான் ஆரம்பிக்கிறது.

டிரைவருக்குப் பாட்டு வேண்டும், ஃபேன் வேண்டும், போனுக்குச் சார்ஜ் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற சாமான் முக்கால்வாசி 12 வோல்ட். அந்தக் குட்டை கேபிளிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் 12 வோல்ட் ரெடி. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத லாரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். பாட்டும் ஃபேனும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுக்கின்றன, லோடுக்காகக் காத்திருந்த இரவில் 8 மணி நேரம் ஓடின என்று வைத்துக்கொள்வோம். 40 ஆம்பியர்-மணி போய்விட்டது. 120 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. போனது முழுக்க எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும். மேல் பேட்டரி தொடப்படவே இல்லை. காலையில் வண்டி ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் கொடுக்கிறது. அது இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. எது பசியோடு இருக்கிறது, எது நிறைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இறங்கிப்போன பேட்டரி 13 வோல்ட்டைச் சுற்றியே நிற்க, நிறைந்த பேட்டரியின் தலையில் 15 வோல்ட் வந்து விழுகிறது. நிறைந்தது கொதித்துத் தண்ணீரை இழக்கிறது. இறங்கியது ஒருநாளும் முழுதாக ஏறுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடிக்கடி தண்ணீர் கேட்கிற பேட்டரியைத்தான் டிரைவர் 'கெட்டது' என்பார். உண்மையில் அது அதிகச் சார்ஜில் அவதிப்படும் நல்ல பேட்டரி. தண்ணீரே கேட்காமல் அமைதியாக இருக்கிறதே, அதுதான் பட்டினியில் செத்துக்கொண்டிருப்பது. ஒருநாள் செல்ப் எடுக்காது. கடைக்காரர் சோதித்துவிட்டு, செத்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுப்பார். புதியதும் பழையதும் ஒரே தொடரில் உட்காரும். நடு வயர் அப்படியே இருக்கும். சில மாதத்தில் கதை மறுபடியும் முதலிலிருந்து.

இதற்குத் தீர்வு தெரியாத ஒன்றல்ல. 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, 12 வோல்ட் சாமான் அத்தனையையும் அதிலிருந்து ஓட்டலாம். இரண்டு பேட்டரியையும் சமமாக வைத்திருக்கும் ஈக்வலைசரும் கிடைக்கிறது. இரண்டில் எதுவானாலும் ஒரு பேட்டரி விலையில் சிறு பங்குதான். மாற்றும்போது இரண்டு பேட்டரியையும் சேர்த்து, ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு, ஒரே வயதாக மாற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் இதே சமநிலைதான். அது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் சொல்வது இந்த ஒரு விஷயத்தில் சரி.

பேட்டரிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளான்டே 1859-இல் செய்த ஈய-அமிலப் பேட்டரியின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஈயத் தகடுகள், நீர்த்த கந்தக அமிலம், ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு செல். பேட்டரி இறங்கும்போது இரு பக்கத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே நாள் கணக்கில் விட்டால் படிகம் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி திரும்பாது.

வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து மீட்டரை வைத்தால் ஒவ்வொரு பேட்டரியும் 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். மூடி திறக்கிற பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையாகச் சொல்லும். குளிர் நாட்டுப் புத்தகங்கள் முழுச் சார்ஜுக்கு 1.265, 1.280 என்று எழுதும். வெப்ப நாட்டுக்கான பேட்டரிகளில் அது 1.240-ஐ ஒட்டி இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் 'அமிலம் வீக்' என்று ஆசிட் ஊற்றிவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆசிட் ஊற்றியதும் பேட்டரி இரண்டு மூன்று வாரம் துள்ளும். பிறகு தகடு அரித்து ஒரேயடியாகப் படுத்துவிடும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. கொட்டிப்போயிருந்தாலொழிய அமிலத்தைச் சேர்க்கவே கூடாது. ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்தச் செல்லின் கதை முடிந்தது என்று பொருள்.

ஊற்றும் தண்ணீர் டிஸ்டில் வாட்டராகவே இருக்க வேண்டும். சொல்லிச் சொல்லிப் புளித்த பேச்சுதான். ஆனாலும் தாபாவில் குடத்திலிருந்து மொண்டு ஊற்றுவது நிற்கவில்லை. நம் கொங்கு வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைத் தின்றுவிடும். தகடு மூழ்கி, அதற்கு மேல் ஒரு விரற்கடை நின்றால் போதும். கழுத்துவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து, பேட்டரிப் பெட்டியும் சேஸிஸும் அரிக்கும்.

நம் ஊர் பேட்டரிக்குக் குளிரைவிட வெயில்தான் பெரிய எதிரி. 25 டிகிரியை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. நாமக்கல்லில் ஏற்றிய முட்டையோ சரக்கோ மே மாதத்தில் நாக்பூரைக் கடக்கும்போது வெளியிலேயே 45 டிகிரி. சைலன்ஸர் பக்கத்தில் பேட்டரிப் பெட்டி இருக்கிற வண்டியில் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெப்பத் தடுப்புத் தகடு கழன்று விழுந்திருந்தால் திரும்ப மாட்டுவது வீண் செலவல்ல. வெயில் அழிப்பதை வெயிலில் கவனிக்க முடியாது என்பது இன்னொரு சங்கடம். கோடையில் பாழான பேட்டரி எஞ்சின் சூட்டில் எப்படியோ செல்ப் எடுத்துக்கொண்டிருக்கும். டிசம்பரில் பஞ்சாப் பக்கம் போய் ஒரு பனிக் காலையில் கை விரித்துவிடும். டிரைவர் குளிரைத் திட்டுவார்.

அதிர்வையும் சொல்ல வேண்டும். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போய், கயிற்றாலோ பழைய டியூப் ரப்பராலோ கட்டியிருப்பது நம் சாலைகளில் சர்வ சாதாரணக் காட்சி. ஒவ்வொரு வேகத்தடையிலும் தகட்டுப் பூச்சு உதிர்ந்து அடியில் சேர்ந்துகொண்டே வரும். ஒருநாள் அடி தட்டி செல் ஷார்ட் ஆகிவிடும்.

இதுவரை பேட்டரி. ஆனால் என் கணிப்பில், 'பேட்டரி டவுன்' என்று வருகிற வண்டிகளில் நிறைய வண்டியின் நோய் கேபிளிலும் எர்த்திலும்தான் இருக்கிறது. செல்ப் எடுக்கும் நேரத்தில் சில நூறு ஆம்பியர் ஓடும். அந்த வழியில் எங்காவது ஓர் இணைப்பில் ஓம்மில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தால் போதும். 400 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 800 வாட் சூடு. கேபிளின் கண்ணியைத் தொட்டால் கை சுடும். செல்ப் மோட்டார் முனகும். பேட்டரி மேல் பழி விழும்.

இதைக் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை, ஒரு மல்டிமீட்டர் போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் முளை மேலேயே வையுங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வைத்தால் கணக்கு தப்பும். மறுமுனையைச் செல்ப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். எஞ்சின் சுழலும் அந்தச் சில நொடியில் மீட்டர் காட்டுவதுதான் அந்த வழியில் தொலைகிற வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம்; ஒன்றைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். அடுத்து மைனஸ் முளையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கும் அப்படியே பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்தப் பக்கத்தில்தான் பிடிபடுவான். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் கம்பியாக ஓர் எர்த் பட்டை இருக்கும். சேறும் எண்ணெயும் மூடி, நூல் நூலாக அறுந்து கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பு லோடு அடிக்கிற வண்டிகளில் இது இரட்டிப்பு வேகத்தில் அரிக்கும்.

எர்த் கெட்டதைச் சொல்லும் அடையாளம் வண்டியின் பின்பக்கத்திலும் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? பல்பை மாற்றி மாற்றிப் பயனில்லை. அந்த விளக்குக் கூட்டின் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி, பளபளப்பான இரும்பில் திரும்பப் பூட்ட வேண்டும். டிரெய்லர் வண்டிகளில் சாக்கெட் முள்ளில் ஏறிய பச்சைக் களிம்பும் இதே வேலையைச் செய்யும். இருட்டில் பின் விளக்கில்லாமல் ஓரம் நிற்கும் லாரியில் மோதிச் செத்தவர்களின் செய்தி நம் செய்தித்தாள்களில் மாதம் தவறாமல் வருகிறது. அதில் எத்தனை விளக்கு ஒரு துருப்பிடித்த போல்ட்டால் அணைந்திருக்கும்!

டெர்மினலில் பூக்கிற வெள்ளை, நீலப் பொடிக்கு மருந்து சமையலறையிலேயே உண்டு. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழுவிவிடும். கரைசல் செல் மூடிக்குள் மட்டும் போகக் கூடாது. காய்ந்ததும் முளையையும் கிளாம்ப்பையும் தேய்த்து, இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் தடவ வேண்டும். முதலில் கிரீஸை அப்பிவிட்டு அதன் மேல் கிளாம்ப்பைப் பூட்டுவது தலைகீழ் வைத்தியம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஆல்டர்னேட்டர் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 27.6-க்கும் 28.8-க்கும் நடுவே இருந்தால் சரி. குறைந்தால் பெல்ட், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம். 29-ஐத் தாண்டி நின்றால் பேட்டரி கொதிக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு டையோடு போயிருந்தால் பகலில் சார்ஜ் குறைவாக ஏறும், இரவில் அதே வழியாகப் பேட்டரி வடியும். இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி எடுக்காது, தினமும் ஓட்டினால் எடுக்கிறது என்கிற வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் கருவியோ வேறெதுவோ ராத்திரி பகலாக 100 மில்லி ஆம்பியர் இழுத்தாலே நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, ஒரு மாதம் நின்றால் 72. லாரி ஸ்டிரைக், லோடு இல்லாத மாதம், 2020 ஊரடங்கு என்று வண்டிகள் வரிசையாக நின்ற காலங்களில் பேட்டரிக் கடைகளுக்கு நல்ல வியாபாரம் நடந்ததன் ரகசியம் இதுதான். நீண்ட நாள் நிறுத்தும்போது கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜரில் போட்டால் இந்தச் செலவில்லை.

கூடுதல் விளக்குகளையும் பல குரல் ஹாரன்களையும் பற்றி டிரைவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது. வண்டி அவர்களுக்கு வீடு. வீட்டை அலங்கரிப்பது அவர்கள் உரிமை. ஆனால் பியூஸ் எரிந்தால் அந்த இடத்தில் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. எரிய வேண்டிய பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். டீசல் குழாயோடு சேர்த்துக் கட்டிய வயராக இருந்தால் கேபினே எரியும். விளக்கு கூட்டுகிறவர்கள் தனி பியூஸ், தனி ரிலே வைத்துக் கூட்டட்டும்.

பழைய தலைமுறை மெக்கானிக்குகளின் அறிவுக்குப் பெரிய சோதனை 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தது. அன்றிலிருந்து விற்கிற லாரி பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருகிறது. பழைய வண்டிகளில் பம்ப் முழுக்க இயந்திரம். தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஊர் போய்ச் சேரலாம். இப்போது டீசலைப் பீய்ச்சுவதும், புகையின் நச்சைக் குறைக்க அதில் ஆட்ப்ளூ என்ற யூரியாத் திரவத்தைத் தெளிப்பதும் கம்ப்யூட்டர் பெட்டியின் வேலை. செல்ப் எடுக்கும்போது வோல்ட் மிகவும் விழுந்தால் அது மிரண்டுபோய், இல்லாத கோளாறுகளையெல்லாம் டேஷ்போர்டில் காட்டும். சென்சாரை மாற்று, இன்ஜெக்டரைப் பார் என்று செலவு ஓடும். கடைசியில் பார்த்தால் பேட்டரி கிளாம்ப் லூஸ். நல்ல பேட்டரி என்றால் சுழற்றும் நேரத்திலும் இரண்டும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

கட்-ஆஃப் சுவிட்ச் விஷயத்திலும் பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. சாவியை அணைத்தவுடன் சுவிட்சையும் திருப்புவது பழைய நல்ல பழக்கம். பிஎஸ்-6 வண்டியில் சாவி அணைந்த பிறகும் ஆட்ப்ளூ பம்ப் குழாயில் தங்கிய திரவத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் மின்சாரத்தை வெட்டினால் திரவம் உள்ளேயே உறைந்து உப்பாகி, குழாயை அடைத்துவிடும். கையேட்டில் சொன்ன நேரம் பொறுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுவிட்சை அணைப்பதோ டெர்மினலைக் கழற்றுவதோ கூடவே கூடாது. ஆல்டர்னேட்டரிலிருந்து எகிறும் வோல்ட் கம்ப்யூட்டர் பெட்டியைத் தின்றுவிடும். 'ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதான்னு பாக்குறேன்' என்று டெர்மினலைக் கழற்றிச் சோதித்த காலம் போய்விட்டது.

பாடி கட்டும் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். சேஸிஸில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்கிறபடி கம்ப்யூட்டர் பெட்டியின் கனெக்டரையும் பிரித்து, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கிற இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். வாட்டர் சர்வீஸில் ஆல்டர்னேட்டர் மேலும் கனெக்டர் மேலும் நேராகப் பீய்ச்சுவதையும் நிறுத்த வேண்டும். தீவனம் ஏற்றும் வண்டிகளில் எலி கடித்த வயர் தனிக்கதை.

அடுத்த வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதில் உயிர் ஆபத்து இருக்கிறது. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை விடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். கடைசியாக மாட்டும் மைனஸ் கேபிளைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி சேஸிஸில் மாட்டுவது அந்தப் பொறியைப் பேட்டரியிடமிருந்து விலக்கி வைக்கத்தான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு செல்லுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் பேட்டரிக்கு மாறினால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா? ஓரளவுக்கு. தண்ணீர் இழப்பு குறைவு, டெர்மினலும் சுத்தமாக இருக்கும். ஆனால் ரெகுலேட்டர் கெட்டு அதிகச் சார்ஜ் ஏறினாலோ, நடு வயர் இழுத்திருந்தாலோ, போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற அதில் வழியில்லை. வயரிங் சரியாக உள்ள வண்டிக்குச் சீல் பேட்டரி நல்லது. சரியில்லாத வண்டியில் அது பழைய பேட்டரியைவிடச் சீக்கிரம் போகும்.

மின்சாரத் தேவை இனிக் குறையப் போவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். டிரைவர்களுக்கு வர வேண்டிய வசதிதான், தாமதமாகவே வந்திருக்கிறது. எஞ்சின் நின்றால் கம்ப்ரசர் நிற்கும். ப்ளோயர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் வண்டியில் ஆள் குறைந்துவிட்டது. தண்ணீர் பார்ப்பது, டெர்மினல் இறுக்குவது எல்லாம் கிளீனரின் வேலையாக இருந்தது. இன்று பல வண்டி ஒற்றை டிரைவரோடு ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். பேட்டரிப் பெட்டி மூடியை அன்றுகூடத் திறப்பதில்லை. வேலை யாருடையது என்று ஓனர் தீர்மானிக்காதவரை அது யாருடைய வேலையும் ஆகாது.

செத்த பேட்டரி போகிற இடமும் முக்கியம். எடையில் பாதிக்கு மேல் ஈயம். 2001 விதிகளே பழையதைக் கடை திரும்ப வாங்க வேண்டும் என்றன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைக்கின்றன. கொஞ்சம் கூடுதல் காசுக்காகத் தெருமுனையில் அமிலத்தை மண்ணில் கொட்டி ஈயத்தை உருக்குகிறவரிடம் கொடுத்தால், அந்தத் தெருக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் அது ஏறும். ரசீது தருகிற கடையில் எக்ஸ்சேஞ்ச் போடுங்கள்.

ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை பேட்டரி மாற்றப் போகும்போது, பணத்தை எடுப்பதற்கு முன் நான்கு அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள்: நின்ற நிலையில் இரண்டு பேட்டரியின் வோல்ட்டும் தனித்தனியாக, எஞ்சின் ஓடும்போது வோல்ட், செல்ப் எடுக்கும்போது எர்த் வழியில் தொலைகிற வோல்ட், எல்லாம் அணைத்த பிறகும் இழுக்கிற ஆம்பியர். கால் மணி நேர வேலைதான். அதைச் செய்யாமல் புதுப் பேட்டரியை இறக்குகிற கடையில் வாங்காதீர்கள்.